விடுங்க அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியவை கடிதங்களும் சமையல் குறிப்புகளும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதே எனக்குக் கூச்சம். கோயிலில் வாசகம் வாசிக்கக் கேட்டபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். ஆனால் நம் தேவாலயப் பங்கில் கணினித் துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டீர்கள். இனியும் மறுத்தால் பெருமைக்காரி என்று நினைப்பீர்கள்.

உங்கள் மின்னஞ்சலில் என்னை ஓய்வுபெற்ற மென்பொருள் பொறியியலாளர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு என்பது சரி. மணிக்கட்டு நரம்பு போனதால் மற்றவர்களைவிட முந்தியே நின்றுவிட்டேன். மற்றது சரியில்லை. பொறியியலாளராக வர முயன்றவள் என்று போட்டால் பொருந்தும். அச்சுக்குப் போகுமுன் அதைத் திருத்திவிடுங்கள்.

எப்படி முன்னேறுவது என்று எழுதும்படி கேட்டிருந்தீர்கள். அதை முன்னேறியவர்கள் எழுதட்டும். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். ஒரு சொல்லால் வந்த வினை. இத்தனை வருடங்களில் பலமுறை அதை யோசித்து யோசித்து எனக்கே அலுத்துவிட்டது. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

நான் கியூபெக்குக்கு வந்து முதலில் சென்ட் லோரன்டில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் இருந்தேன். அது மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பயிற்சி தருவதாகச் சொன்னார்கள். சமையல் வகுப்பு இருந்தது, கணினி வகுப்பு இருந்தது. சமையல் வகுப்பில் வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசவும் பழக்குவார்கள் என்று கேள்விப்பட்டதும் கணினிக்குப் பெயர் கொடுத்தேன். அது எனக்குப் பிடித்துப்போனது. நான் எத்தனை தரம் பிழை விட்டாலும் கணினி முகம் சுளிக்காது. அதே பிழையை அதே மாதிரி திருப்பிச் சொல்லும். என்னைப் போன்றவளுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் லொங்குய்யில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆற்றுக்கு அடியால் வரும் மஞ்சள் பாதை மெட்ரோ முடியும் இடத்திலிருந்து நடக்கிற தூரம். நோயாளிகளையும் நடக்க முடியாதவர்களையும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்தோம். எந்த வண்டி, யாரை, எந்த வழியால், எத்தனை மணிக்கு என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். சாரதிகள் அந்தத் தாளைக் காலையில் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள்.

முதலில் விவரங்களைப் பதியும் வேலை. பிறகு சோதித்துப் பார்க்கும் வேலை. பிறகு, புதிய பதிப்பு தயாரானதும் அதை அந்த வண்டிகளை நடத்தும் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பும் வேலை. சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பனி கரைந்ததும் என்னைப் புரோகிராம் எழுதும் பக்கம் எடுப்பதாக எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார். கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி அவர். வேகமாகப் பேசுவார், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார். நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் அந்த இளவேனிலுக்காகக் காத்திருந்தேன்.

என் பக்கத்து மேசைக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய பெயரை எழுத நான் அனுமதி கேட்கவில்லை. அப்போது கூப்பிட்ட மாதிரியே தம்பி என்று எழுதுகிறேன். என்னைவிட வயதில் இளையவர், பதவியில் மூத்தவர். அந்த மென்பொருளில் எது போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. போகச் செய்வது என் பொறுப்பு. எங்கள் நிறுவனத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற அனுமதியில் அவர் வந்திருந்தார். இங்கே வேலை போனால் அனுமதியும் போய்விடும். மனைவி அப்போதுதான் வந்து சேர்ந்து, பிள்ளைத்தாச்சியாக இருந்தார்.

அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனால் எங்களுக்குள் எல்லாம் தமிழில்தான் கதைத்தோம். ஆனால் அது ஒரே தமிழாக இருக்கவில்லை. பிறகு செய்கிறேன் என்பதை நான் "பேந்து செய்யிறன்" என்றால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"எங்க ஊர்ல பேந்தப் பேந்த முழிக்கிறான்னுதான் சொல்வோம். நீங்க என்னடான்னா எல்லா வேலையையும் பேந்து பேந்து செய்யறீங்க" என்பார்.

ஒருநாள் அவர் எழுதிய திரையைப் பார்த்து, சாரதிமாருக்கு இது விளங்காது என்று சொல்லிவிட்டேன். புரியாது என்பதைத்தான் சொன்னேன். அன்று முழுக்க அவர் முகம் கறுத்திருந்தது. அவருடைய ஊரில் விளங்காது என்றால் உருப்படாது என்று அர்த்தமாம். அது தெரிந்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கவனமாக இருந்தோம். அவருக்குத் தெரியாத சொல் வந்தால் அவர் நிறுத்திக் கேட்பார். எனக்குத் தெரியாததை நான் கேட்பேன்.

புதிய பதிப்பை அனுப்புவதற்கு மட்டும் எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல் அமைந்துவிட்டது. விடுவது. பட்டம் விடுவது மாதிரி, பஸ் விடுவது மாதிரி. "இண்டைக்கு விடுவமா தம்பி" என்று நான் கேட்பேன். "விட்டாச்சாக்கா" என்று அவர் கேட்பார். இரண்டு ஊரிலும் உள்ள சொல். அதை ஒருவரும் நிறுத்தி விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது?

இல்-பிசார் தீவிலிருந்து லவாலுக்கு ஆற்றைக் கடக்கும் ஒரு சின்னப் படகு உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வண்டிகளை ஏற்றிக்கொண்டு வடத்தைப் பிடித்துக்கொண்டே அக்கரை போகும். கோடையில் அதைத் தம்பி எங்கள் வரைபடத்தில் ஒரு பாதையாகச் சேர்த்திருந்தார். அந்தத் தீவிலிருந்து லவால் மருத்துவமனைகளுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பெரிய சுற்று மிச்சமானது. வாடிக்கையாளர் நன்றி சொன்னார்கள். குளிர் வந்ததும் படகு நின்றுவிடும். பழைய பதிப்பில் அதற்கு ஒரு தடை இருந்தது, குளிர்காலத்தில் அந்தப் பாதையை அது பார்க்காது. புதிய பதிப்பில் அந்தத் தடை எப்படியோ காணாமல் போயிருந்தது.

நான் சொல்லவந்த நாள் நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை. படகை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளர் வேறு சில திருத்தங்களுக்காகப் புதிய பதிப்பைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நான் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது, இல்-பிசாரிலிருந்து ஒரு வண்டி ஆற்றுக்குக் குறுக்கே நேராக லவாலுக்குப் போவதைக் கண்டேன். தம்பி அன்று மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முந்தியே புறப்பட்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் ஏதோ ஒரு ஃபைலை மறந்துவிட்டதாகச் சொல்ல அவரே தொலைபேசியில் அழைத்தார். மெட்ரோ வாசலில் நிற்கிறார். காற்றுச் சத்தம். அந்தக் காலத்தில் மெட்ரோவுக்குள் இறங்கினால் கைத்தொலைபேசி வேலை செய்யாது.

"தம்பி, அந்தப் படகுப் பாதை அப்பிடியே கிடக்குது. குளிருக்கு மூடுறது இதிலை இல்லை. மேலாளர் காலமையிலிருந்து கேட்டுக்கொண்டு நிக்கிறா. என்ன செய்யிறது?"

"அய்யோ, இப்பவா? விடுங்க அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம். நான் மெட்ரோல இறங்கறேன்."

"சரி தம்பி" என்று சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

படகு விஷயத்தை நாளைக்குப் பார்க்கலாம், பதிப்பை விடுங்கள் என்று அவர் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். படகு ஓடாதென்று சாரதிமாருக்குத் தெரியும், அவர்கள் சுற்றிப் போவார்கள், ஒருநாள்தானே என்று அவர் நினைக்கிறார் போலும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. திரும்ப அழைத்தேன். அவர் ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருப்பார். மணி அடிக்கவே இல்லை. மேலாளர் வந்து, பதிப்பு போய்விட்டதா என்று கேட்டார். தம்பி சொல்லிவிட்டார், இதோ போகிறது என்றேன். விட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கால்வாசி இந்த இடத்திலேயே இருக்கிறது. மனம் ஒப்பாதபோது, பொறுப்பானவர் ஆற்றுக்கு அடியில் இருந்தால், அவர் மறுகரையில் ஏறும்வரை பொறுத்திருக்கலாம். மேலாளர் முகம் சுளித்திருப்பார். அதற்குமேல் ஒன்றும் ஆகியிராது. அவசரம் என்று நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு எதிரில் நிற்பவரின் முகம்தான். அந்த முகத்தைத் தாங்கப் பழகினால் இந்த வேலையில் பாதிப் பிழைகள் வராது. நான் அதைப் பழகவில்லை.

மறுநாள் காலையில் நான் மேசைக்கு வருவதற்கு முன்பே தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. இல்-பிசாருக்குப் போன வண்டிக்குப் புதுச் சாரதி. அந்தப் பக்கம் அதுவரை ஓடாதவர். தாளில் உள்ளபடியே போனார். படகுத்துறையில் சங்கிலி போட்டிருந்தது. வண்டிக்குள் ஒரு வயதான அம்மா. சிறுநீரகம் வேலை செய்யாததால் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் லவாலுக்குப் போகிறவர். அவருடைய பயணங்களை நான் அடிக்கடி திரையில் பார்த்திருக்கிறேன். ஒரு விலாசமாகவும் ஓர் இலக்கமாகவும் மட்டும்தான் தெரியும். சாரதி திரும்பிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது அவருடைய முறை தவறிவிட்டது. அந்த இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார். அந்த வண்டி பிந்தியதால் அதற்குப் பின்னால் ஏற்றவேண்டியவர்களும் குளிரில் வாசலில் காத்து நின்றார்கள்.

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டோம். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பெரிய வேலை சும்மா இருப்பதுதான். அந்த அம்மாவுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் எல்லோரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். மத்தியானம் அளவில் செய்தி வந்தது. பின்னேர முறையில் அவருக்கு இடம் கொடுக்கிறார்கள், ஆள் களைத்திருக்கிறார், வேறு ஆபத்து இல்லை. யாரோ ஒருவர் கையைத் தட்டினார். மற்றவர்கள் தட்டவில்லை, அவரும் நிறுத்திவிட்டார்.

ஆபத்து இல்லை என்று தெரிந்தபிறகுதான் யாருடைய பிழை என்ற கேள்வி வரும். அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மேலாளரையும் பின்னேரம் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அதற்கு முன் தம்பி என்னைக் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"என்னக்கா இது? நேத்து நான் விடுங்கன்னுதானே சொன்னேன்?"

"ஓம் தம்பி. விடுங்கோ எண்டனீங்கள். விட்டனான்."

"அய்யோ, விடுங்கன்னா விடுங்கக்கா. அப்படியே போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்கன்னு அர்த்தம். எங்க வீட்ல யார் என்ன புலம்பினாலும், விடுங்க பாத்துக்கலாம்னுதான் சொல்வோம்."

"விடுறது எண்டா நாங்கள் அனுப்பிறதைத்தானே சொல்லுறனாங்கள்."

அவர் முதலில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகம் மாறியது. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதை அவங்கள்ட்ட எப்படிக்கா சொல்றது? யார் நம்புவாங்க? ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. லைன் சரியில்ல, நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலன்னு சொல்லிடுங்க. என் பர்மிட் ஜனவரியோட முடியுது. நீட்டிக்கிற பேப்பர் அவர் மேசைலதான் இருக்கு. கையெழுத்துப் போடலன்னா நானும் அவளும் கிளம்ப வேண்டியதுதான். உங்களுக்கு சிட்டிசன்ஷிப் இருக்கு. உங்களை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அது என்னைத் தைத்தது. அந்தக் குடியுரிமைத் தாளுக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குப் போனேன்.

யோசித்தேன். லைன் சரியில்லை என்று சொன்னால், பதில் கேட்காமலே பதிப்பை அனுப்பியவள் ஆவேன். அப்படி ஒருத்தியைப் புரோகிராம் எழுத எந்த நிறுவனம் விடும்? அவர் விடச் சொன்னார் என்று சொன்னால், சொல்லளவில் அது முழு உண்மை. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அவரும் மனைவியும் விமானம் ஏறுவார்கள். சொல்லளவில் உண்மையாக இருந்தும், அவர் மனதில் நினைத்ததற்கு அது நேர் எதிர். மூன்றாவது வழி, நடந்ததை நடந்தபடியே சொல்வது. அதைச் சொல்லத்தான் எனக்கு மொழி இல்லை. என் பிரெஞ்சு கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், விசாரணைக்குப் போதாது. பேசவே கூசுகிறவள் நம்பவே முடியாத ஒரு கதையை மூன்றாம் மொழியில் சொல்லவேண்டும். பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலாளி பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். நல்ல உடுப்பு, மெதுவான பேச்சு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அன்று மிக மெதுவாகப் பேசினார். தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர், நேற்று நான் தொலைபேசியில் பேசியதையும் தம்பி சொல்லிவிட்டதாக நான் சொன்னதையும் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, அவர் உன்னிடம் என்ன சொன்னார், ஒரு சொல்லும் மாற்றாமல் சொல் என்றார்.

நான் முதலில் தமிழிலேயே சொன்னேன். "விடுங்க அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்றார்.

அனுப்பு என்றும் அர்த்தம், அனுப்பாதே என்றும் அர்த்தம் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஆமா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். தம்பி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. லைன் சரியில்லை என்ற வசனம் பிரெஞ்சில் எனக்கு நன்றாகத் தெரியும். அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும்.

நான் அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் என்ன என்று தேடினேன். விடு என்பதற்கு லெஸ் என்று வகுப்பில் படித்திருந்தேன். அதோடு நிறுத்தினால் பாதியில் நிற்கிறது. மளிகைக் கடையில், பஸ் தரிப்பில், மேலாளர் தன் பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது, அடிக்கடி காதில் விழும் ஒன்று ஞாபகம் வந்தது. "லெஸ் ஃபேர்" என்றேன். அவர் சொன்னது அதுதான் என்றேன்.

"அப்படியானால் செய்யவிடு என்றிருக்கிறார். அனுப்பச் சொல்லியிருக்கிறார்" என்றார் முதலாளி. அவர் குரலில் கேள்வி இருக்கவில்லை. தம்பியின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

மேலாளர் தலையைத் தூக்கினார். "இல்லையே. வேண்டாம், விட்டுத்தள்ளு என்றல்லவா சொல்லியிருக்கிறார்" என்றார்.

"லெஸ் ஃபேர் என்றால் நடக்கவிடு என்றுதான் அர்த்தம்."

"உங்கள் ஊரில் இருக்கலாம். இங்கே என் மகன் குப்பையை வெளியே வைக்காமல் முனகிக்கொண்டு நின்றால், லெஸ் ஃபேர், நானே வைக்கிறேன் என்பேன். அவன் வைக்கக்கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம்."

இரண்டு பேருக்கும் தாய்மொழி பிரெஞ்சு. ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. நான் கேலி செய்யவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளம் வயதில் நினைப்போம். உண்மை தெரிந்த பிறகும் வாடிக்கையாளருக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலில் ஒரு சொல்லின் இரண்டு அர்த்தங்களை எழுத முடியாது. முதலாளி தம்பியிடம், நீ சொன்னது அவளுக்கு விளங்கியதா என்று கேட்டாயா என்றார். இல்லை என்றார் தம்பி. என்னிடம், இரண்டாம் தரம் கேட்டாயா என்றார். திரும்ப அழைத்தேன், கிடைக்கவில்லை என்றேன். கிடைக்கும்வரை ஏன் பொறுக்கவில்லை என்றார்.

இரண்டாம் தரம் கேட்டால் மக்கு என்று நினைப்பார்கள் என்ற பயம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கிறது. படித்தவர்களுக்கு நடுவில் படிக்காதவள் வேலை செய்யும்போது அது இரண்டு மடங்காகிவிடும். ஒருதரம் சொன்னதும் பிடித்துக்கொள்கிறாள் என்ற பெயரை வைத்துத்தான் நான் அந்த மாடியில் இருந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? அனுப்பியது நான்தான் என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்றார். போகலாம் என்றார்.

அன்று பின்னேரம் நானும் தம்பியும் ஒன்றாக மெட்ரோவில் போனோம். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆற்றுக்கு அடியில் போகும்போது அவர் கதைத்தார்.

"அக்கா, மதியம் நான் கேட்டதை..." என்று தொடங்கி, அடுத்து வரவிருந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். "மறந்துடுங்க."

"நீங்கள் கேட்டதிலை பிழை இல்லை. என்னாலை ஏலாமல் போச்சு, அவ்வளவுதான்."

"நீங்க அப்படியே சொல்லியிருந்தா எனக்குப் பிரச்சனை இருந்திருக்காது."

"ஓம். எனக்கு இருந்திருக்கும்."

அவர் கம்பியை மற்றக் கையால் பிடித்தார். "கையெழுத்துப் போடுவாராக்கா?"

"தெரியேல்லை தம்பி."

இறங்கும் இடம் வந்தபோது, வீட்டில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், அதனால் எதையும் சொல்லக்கூடாதாம். நாளைக்குத் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். ஆறுதலாகச் சொன்னேனா, களைப்பில் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

பிள்ளைகளே, உங்களிடம் என்னைவிட நல்ல பிரெஞ்சு இருக்கிறது, பட்டம் இருக்கிறது. நான் பட்டதெல்லாம் நீங்கள் படப்போவதில்லை. ஆனால் நீங்களும் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மூன்று பேருக்குள் ஒரு சுருக்கப் பேச்சு வைத்திருப்பீர்கள். அது சுகமாக இருக்கும். தெரியாத சொல்லில் நானும் தம்பியும் ஒருநாளும் தடுக்கி விழவில்லை, ஏனென்றால் தெரியாததைக் கேட்டோம். விழுந்தது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த சொல்லில். அதனால் ஒருவர் உங்களிடம் ஒன்றைச் சொன்னால், அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லாதீர்கள். நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். சரி தம்பி என்று சொன்னதற்குப் பதிலாக, அப்ப இண்டைக்கே அனுப்பிறன் தம்பி என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவர் மெட்ரோப் படியிலேயே நின்றிருப்பார்.

ஓர் அறைக்குள் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டால், கேட்கிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று சுருக்காதீர்கள். சுருக்கும் இடத்தில்தான் யாராவது ஒருவரின் தலை போகும். நடந்ததை நடந்தபடி சொன்னால் நமக்கு நல்லது நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன். அதனால் தூக்கம் வரும் என்றும் சொல்லமாட்டேன். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மற்ற இரண்டு வழிகளில் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. முதலாளி தம்பியின் அனுமதியை நீட்டிக்கும் பத்திரத்தில் கையொப்பம் வைத்து அனுப்பினார். வாடிக்கையாளருக்கு, பதிப்பு அனுப்பும் பொறுப்பில் ஆளை மாற்றிவிட்டோம் என்று எழுதினார்கள். என்னை வாடிக்கையாளரின் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றினார்கள். இளவேனிலில் புரோகிராம் பக்கம் எடுக்கும் பேச்சு அதோடு நின்றது. மத்தியானத்துக்கு முன் என் கணினியைக் கழற்றிக் கீழ்மாடிக்குக் கொண்டுபோனேன். தம்பி மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்து முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசினேன்.